கால் பிடிக்கிற டாக்டரம்மா

மேற்கு தாம்பரத்தில் நான் கிளினிக் வைத்திருந்த வருடங்களில் எனக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது. கால் பிடிக்கிற டாக்டரம்மா. யார் காலையும் பிடித்துக் காரியம் சாதிக்கிற ஆள் நான் இல்லை, என் வாய்க்கு அது வராது. தடுப்பூசிக்கு வந்தாலும் சரி, வயிற்றுப்போக்குக்கு வந்தாலும் சரி, கைக்குழந்தை என்றால் துணியை அவிழ்த்துத் தொடை இடுக்கில் விரல் வைத்து நாடி பார்க்காமல் அனுப்ப மாட்டேன். அதனால் வந்த பெயர்.

சில குழந்தைகளுக்கு இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய் பிறவியிலேயே ஓரிடத்தில் இறுகிப்போயிருக்கும். தலைக்கும் கைக்கும் ரத்தம் நன்றாகப் போகும், இடுப்புக்குக் கீழே போகாது. கையில் நாடி குதிக்கும், தொடையில் இருக்காது. இதைச் சந்தேகப்பட மிஷின் வேண்டாம், விரல் போதும். ஆனால் வீல் என்று கத்துகிற குழந்தையின் கொழுகொழு தொடையில் நாடியைத் தேடுவது லேசுப்பட்ட வேலை இல்லை. பலர் தேடுவதில்லை. எனக்குப் பிடிவாதம் ஜாஸ்தி. வருடக்கணக்கில் தேடினேன், எல்லாக் குழந்தைக்கும் இருந்தது. வெளியே கூட்டம் முணுமுணுத்துக்கொண்டிருக்கும்.

ஒரு மே மாத சாயங்காலம் முடிச்சூரிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். அப்பாவுக்கு மறைமலை நகரில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை, யூனிஃபார்மோடு அப்படியே வந்திருந்தார். குழந்தைக்கு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. மூச்சு வாங்கியது. வேறு இடத்தில் சளி என்று மருந்து கொடுத்திருந்தார்கள்.

"பால் குடிக்கும்போதே வேர்த்துக் கொட்டுது டாக்டர். பாதியிலேயே களைச்சுத் தூங்கிடுறான்" என்றாள் அம்மா.

அந்த வெயிலிலும் பாதம் சில்லென்று இருந்தது. கையில் நாடி திம்திம் என்று அடித்தது. தொடையில் வைத்தேன், இல்லை. அடுத்த தொடையிலும் இல்லை. மறுபடி கை, மறுபடி தொடை. குழந்தைக்கு அழக்கூடத் தெம்பில்லை.

"இன்னா மேடம், சளிக்கு மருந்து கேட்டா காலப் புடிச்சிக்கினே கீறீங்க?" என்றார் அப்பா.

"இது சளி இல்லைங்க. ரத்தக்குழாய் இறுகியிருக்கு. இப்பவே சிட்டிக்குப் போய் எக்கோ ஸ்கேன் எடுக்கணும். அநேகமா ஆபரேஷன் இருக்கும்."

அவர் எழுந்துவிட்டார். "தொட்டுப் பாத்துட்டு ஆபரேஷனா? பேஜாரா கீதே! காலைல வேற எடத்துல காட்டிக்கிறேன்."

காலை வரைக்கும் அந்தக் குழந்தை தாங்காது என்று எனக்குத் தோன்றியது. கோபம் தலைக்கேறியது. எழுந்துபோய் வாசலை மறித்து நின்றுகொண்டு, "உக்காருங்க!" என்று ஒரு அதட்டுப் போட்டேன். உட்கார்ந்தார். அவருடைய காய்ப்புக் காய்த்த விரலைப் பிடித்துக் குழந்தையின் முழங்கை மடிப்பில் வைத்தேன்.

"துடிக்குதா?"

"துடிக்கிது."

தொடை இடுக்கில் வைத்தேன். குனிந்து, கண்ணை மூடி, விரலை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். "இங்க இல்ல மேடம். எல்லாக் கொயந்தைக்கும் இருக்குமா?"

கதவைத் திறந்து, அடுத்ததாகக் காத்திருந்த அம்மாவை உள்ளே கூப்பிட்டு, விஷயத்தைச் சொன்னேன். அவள் தயங்காமல் தன் குண்டுப் பாப்பாவை நீட்டினாள். பாப்பா கூரை பிய்ந்துபோகிற மாதிரி கத்தியது. அதன் தொடையில் அவர் விரலை வைத்தேன். அவர் முகம் மாறிவிட்டது.

"ஆட்டோ இட்டாரேன் மேடம்" என்று ஓடினார்.

அவர்கள் கிளம்பியதும் சிட்டி ஆஸ்பத்திரியின் இதய நிபுணருக்குப் போன் செய்தேன். "எக்கோ பண்ணாமலே எப்படிச் சொல்றீங்க?" என்று கேட்டார். "நீங்க பண்ணிப் பாத்துட்டு எனக்குச் சொல்லுங்க சார்" என்றேன். திமிர்தான். அன்றைக்கே பார்த்தார்கள். நான் சொன்ன அதே கோளாறு. உடனே ஆபரேஷனுக்கு ஏற்பாடு செய்தார்கள்.

அடுத்த சில நாள் என் கவனம் முழுக்கப் போன் மீதுதான். மணி அடித்தால் திடுக்கென்றது. கடைசியில் கிளினிக் நிரம்பி வழிந்த ஒரு நேரத்தில் அப்பாவே கூப்பிட்டார்.

"மேடம், ஆபரேஷன் முடிஞ்சி இப்பதான் உள்ள வுட்டாங்க. நானே தொட்டுப் பாத்தேன். கீது மேடம். ரெண்டு கால்லயும் கீது."

போனை வைத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, காத்திருந்த அத்தனை பேரிடமும் நடந்ததைச் சொன்னேன். கண்டுபிடித்தது யார், எந்த விரல் என்பது வரைக்கும் சொன்னேன். தம்பட்டம்தான். நன்றாகவே அடித்தேன்.