அக்காவின் கண்ணில் தெரிந்த வளையம்

அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிற இந்த நாளில் எங்கள் வீடு தேடி வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். இந்த நினைவு மலரில் அக்காவின் படமும் பிறந்த ஊரும் இருந்தால் போதும், நோயின் பெயரை அச்சில் போட வேண்டாம் என்று பெரியவர்கள் சிலர் அக்கறையோடு சொன்னார்கள். அம்மாவிடம் கேட்டேன். "போடுப்பா. அவ யாருகிட்டயும் மறைச்சதில்லையே" என்றார். ஆகவே எழுதுகிறேன். அக்காவுக்கு இருந்தது வில்சன் நோய். எனக்கும் அது இருக்கிறது.

அக்கா காமயகவுண்டன்பட்டியில் எங்கள் பெற்றோருக்கு மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அப்பா திராட்சை விவசாயி. அக்கா கணக்கில் கெட்டிக்காரர்; பேச்சில் படபடப்பு. ஒன்பதாம் வகுப்பில் மஞ்சள் காமாலை வந்தது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள், உப்பில்லாமல் சாப்பிட்டார், கண்ணில் மஞ்சள் இறங்கியது. அத்தோடு முடிந்தது என்று எல்லோரும் நம்பினோம்.

ப்ளஸ் டூ படிக்கும்போது அக்காவின் கையெழுத்து கோணலாகப் போகத் தொடங்கியது. பேச்சு குழறியது. சோற்றுக் கை நடுங்கியது. பரீட்சைக்குப் பயந்து நடிக்கிறாள் என்றார்கள் சிலர். காத்துக் கருப்பு என்று தாயத்துக் கட்டினார்கள் சிலர். அப்பாவுக்கு மட்டும், கண் சரியாகத் தெரியாததால்தான் எழுத்து கோணுகிறது, கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் என்று ஒரு எண்ணம். அக்காவைத் தேனிக்குக் கூட்டிப்போனார்.

அந்தக் கண் மருத்துவர் விளக்கைப் போட்டு அக்காவின் கண்ணை வெகுநேரம் பார்த்தார். கருவிழியின் ஓரத்தில் பழுப்பாக ஒரு வளையம் இருந்தது. "கண்ணாடி வேண்டாம். மதுரைக்குப் போய்க் கல்லீரல் டாக்டரைப் பாருங்க. தள்ளிப் போடாதீங்க" என்று சொல்லிவிட்டார். கண்ணுக்கு வந்தவரைக் கல்லீரலுக்கு அனுப்புகிறாரே என்று அப்பாவுக்குக் கோபம். ஆனாலும் போனார்கள்.

மதுரையில் இரத்தம் எடுத்தார்கள். ஒரு முழு நாள் சிறுநீரைச் சேர்த்துச் சோதித்தார்கள். நாம் சாப்பிடும் எல்லாவற்றிலும் கொஞ்சம் செம்பு இருக்கிறது, மிஞ்சுவதைக் கல்லீரல் வெளியேற்றிவிடும், அக்காவின் கல்லீரலுக்கு அது முடியவில்லை என்று மருத்துவர் விளக்கினார். தேங்கிய செம்பு கல்லீரலைச் சுருக்கி, மூளைக்கும் கண்ணுக்கும் ஏறியிருந்தது; கண்ணில் தெரிந்த வளையமும் அதுதான். செம்பு என்றதும் அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. திராட்சைக் கொடியில் பூஞ்சாணம் பிடிக்காமல் மயில்துத்தம் அடிக்கிறவர் அவர். மயில்துத்தம் செம்பிலிருந்து வருவது.

"நான் அடிச்ச துத்தந்தேன் புள்ள ஒடம்புல ஏறிருச்சா சார்?"

"இல்லைங்கய்யா, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. நீங்களும் உங்க வீட்டம்மாவும் சொந்தமா?"

"எங்கக்கா மகதேன்."

இருவரிடமும் ஒரே குறை வெளியே தெரியாமல் இருந்திருக்கிறது, இரண்டும் சேர்ந்து பிள்ளைக்கு வந்துவிட்டது என்றார் மருத்துவர். அன்றே ஊர் திரும்பினார்கள். வீட்டுக்குள் வந்ததும் அம்மா கேட்டது ஒன்றுதான்: "அப்ப நாங்க குடுத்ததா?" அதற்குப் பிறகு அம்மா விசேஷ வீடுகளுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார்.

மருந்து தொடங்கியதும் அக்காவுக்கு நோய் கூடியது. அப்படி ஆகலாம் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். என்றாலும், தண்ணீர் விழுங்கவும் திணறுகிற பிள்ளையைப் பார்த்துக்கொண்டு அதே மாத்திரையைக் கொடுப்பது அம்மாவுக்குப் பெரும் சித்திரவதையாக இருந்தது. மெல்ல மெல்லத்தான் நடை திரும்பியது. பேச்சு பாதிதான் திரும்பியது.

உடன்பிறந்தவரையும் சோதிக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னபோது அம்மா மறுத்துவிட்டார். எனக்கு ஒரு தலைவலிகூட வந்ததில்லை. "இவனுக்கும் இருக்குன்னு சொல்லிட்டாகன்னா நான் உசுரோட இருக்க மாட்டேன்" என்றார். அக்கா விடவில்லை. நடுங்கும் கையால் என் கையைப் பிடித்து மதுரை பஸ்ஸில் ஏற்றினார். எனக்கும் இருந்தது. மருத்துவமனை நடையில் உட்கார்ந்து அக்கா அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "ஏலே, ஒனக்கு இன்னும் ஒண்ணும் கெடல. மாத்திரைய மட்டும் விட்றாத."

பின்னர் ஒரு மருத்துவக் கல்லூரியின் ஆராய்ச்சிப் பிரிவு, உறவுக்குள் மணம் முடித்த குடும்பங்களில் இந்த நோய் எப்படி இறங்குகிறது என்று ஆராய எங்கள் இரத்தத்தைக் கேட்டது. நாங்கள் நால்வரும் கொடுத்தோம். சொந்தத்தில் மற்ற பிள்ளைகளையும் பார்த்தால் நல்லது என்றார்கள். அதை அக்கா தன் வேலையாக எடுத்துக்கொண்டார். என்னைத் துணைக்கு வைத்துக்கொண்டு சொந்தக்காரர் வீடுகளுக்கெல்லாம் போனார். பல வீடுகளில் காப்பி கொடுத்தார்கள், பேச்சை மாற்றினார்கள்.

கூடலூரில் சித்தப்பா மட்டும் மனதில் இருந்ததைச் சொன்னார். அவர் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். "ஆத்தா, ஒன்னையப் பாத்தா வயிறு எரியுது. ஆனா எம் புள்ளைகளுக்கு ரத்தம் எடுத்தாகன்னு நாலு பேருக்குத் தெரிஞ்சா, நாளைக்கு எவன் பொண்ணு கேட்டு வருவான்?"

அக்காவுக்கு ஒரு வார்த்தை வெளியே வர நேரமாகும். சித்தப்பா பொறுத்திருந்தார்.

"வராட்டியும்... புள்ள இருக்கும்ல, சித்தப்பா."

சித்தப்பா சட்டையை மாட்டிக்கொண்டு எழுந்தார். எங்களைப் பஸ் ஏற்றிவிட்டுப் போனார்.

அக்காவுக்கும் வரன் வந்தது. பெண் பார்க்க வந்தவர்களிடம் அக்காவே நோயைச் சொல்லிவிட்டார். அவர்கள் பிறகு வரவில்லை. அன்று அக்கா சாப்பிடவில்லை என்பதைத் தவிர அதைப் பற்றி எழுத எனக்கு எதுவும் தெரியாது.

கல்லீரல் முன்பே சுருங்கிவிட்டதால் மருந்து ஓரளவுக்குத்தான் காப்பாற்றியது. சென்ற ஆண்டு வயிற்றில் நீர் கோத்தது. இரத்தமாக வாந்தி எடுத்தார். மாற்றுக் கல்லீரல் ஒன்றே வழி என்றபோது அம்மா முந்திக்கொண்டார்: "நோயக் குடுத்தவ நாந்தேன். ஈரலயும் நானே குடுக்குறேன்." அம்மாவுக்கான சோதனைகள் நடந்துகொண்டிருக்கும்போதே அக்கா நினைவிழந்தார். அதற்கு முன் என்னிடம் கடைசியாகக் கேட்டது, "சொந்தத்துல யாராச்சும் ரத்தம் பாக்க வந்தாகளா?" என்பதுதான். "இன்னும் வரலக்கா" என்றேன். வந்தார்கள் என்று பொய் சொல்லியிருக்கலாம். அக்காவிடம் எனக்குப் பொய் வராது.

காரியம் முடிந்து சில வாரங்களில் நம் உறவில் ஒரு தாய் தம் பிள்ளைகளோடு மதுரைக்கு வந்தார். எந்த ஊர், எந்த வீடு என்று எழுத மாட்டேன். ஒரு பிள்ளைக்கு நோய் இருப்பது தெரிந்தது. கல்லீரல் இன்னும் கெடவில்லை. மாத்திரை தொடங்கியாகிவிட்டது.

அக்காவுக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர்களுக்கும் செவிலியருக்கும், கண்ணைப் பார்த்துக் கல்லீரலைச் சொன்ன தேனி மருத்துவருக்கும், ஆம்புலன்ஸில் கூடவே வந்த அக்கம்பக்கத்தாருக்கும், துக்கத்தில் தோள் கொடுத்த அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பிள்ளைகளோடு வந்த அந்தத் தாய்க்கும் நன்றி. அவர் இன்று இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார். நாங்கள் அவரோடு பேசிக்கொள்ள மாட்டோம். அப்படித்தான் அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்.