அப்பாவிடமிருந்து வந்த இதயம்

நெஞ்சுக்குள் ஏதோ புரண்டது. அப்படித்தான் அது தொடங்கியது. கொழும்பில் ஒரு கழகத்தில் சம்பளத்துக்கு உதைபந்து விளையாடிக்கொண்டிருந்தேன். பயிற்சியில் ஓடும்போது கண் இருண்டு விழுந்தேன். “உடம்பில தண்ணி காணாது” என்றார் பார்த்த வைத்தியர். தண்ணீர் குடித்தேன். மறுபடியும் இருண்டது.

தேசிய அணித் தெரிவுக்கு என்னை அழைத்திருந்த நேரம் அது. ஆனாலும் எனக்குச் சந்தோஷமில்லை. அப்பாவின் நினைவுதான் திரும்பத் திரும்ப வந்தது.

அப்பா சிங்களவர். நீர்கொழும்பிலிருந்து கிழக்குக் கரையிலுள்ள சாம்பல்தீவுக்கு மீன்பிடிக்க வந்தவர், அங்கே தமிழ்ப் பெண்ணான அம்மாவை மணம் முடித்தார். இருவரும் கத்தோலிக்கர்தான். இருந்தும் இரு வீட்டாரும் ஒதுக்கினார்கள். நான் சிறுவனாக இருந்தபோது ஒரு நாள் அப்பா தனியாகக் கடலுக்குப் போனார். எஞ்சின் ஓடியபடியே அவருடைய படகு கடலில் வட்டமடித்துக்கொண்டிருந்ததாம். உள்ளே அப்பா உயிரில்லாமல் கிடந்தார். உடம்பில் ஒரு காயமும் இல்லை.

“இனம் மாறிக் கட்டினதுக்கு ஆண்டவர் குடுத்த தண்டனை” என்று செத்தவீட்டிலேயே கதைத்தார்கள்.

கொழும்பு மைதானங்களில் நான் ‘தெமளா’, தமிழன். ஊரில் ‘சிங்களவன்ர பெடியன்’. அதெல்லாம் பழகிவிட்டது. அந்தத் தண்டனைக் கதை மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. அடுத்தது நான்தானோ என்று பயந்தேன்.

விடுமுறைக்கு அன்புவழிபுரத்தில் அம்மா இருக்கும் வீட்டுக்கு வந்தேன். அம்மாவைக் கண்டதும் மறைக்க முடியவில்லை.

“அம்மா, அப்பாக்கு வந்தது எனக்கும் வரப்போகுது போல கிடக்கு.”

அவர் அழவில்லை. என் நெஞ்சில் கை வைத்து மன்றாடினார். “ஆண்டவரே, அவரைத் தனியக் கடலில விட்டிட்டன். இவனை ஆளில்லாத இடத்தில விழ விடாதேயும்.”

நான் வேறொன்று கேட்டேன். தேசிய அணிக்கு விளையாட வேண்டும். அது மட்டும்தான்.

மறுநாள் காலை கடற்கரையில் தனியாக ஓட நினைத்திருந்தேன். வானம் கறுத்துக் கொட்டிய மழையில் போக முடியவில்லை. பின்னேரம் மழை விட்டதும், பக்கத்து ஊரான கிண்ணியாவின் அணியோடு ஒரு நட்புப் போட்டி இருக்கிறது, ஆள் காணாது என்று ஊர்ப் பெடியங்கள் கூப்பிட்டார்கள்.

“போகாத மகன். ஆஸ்பத்திரிக்குப் போவம்.”

“நாளைக்குப் போவம் அம்மா. தெரிவுக்கு முதல் ஒருக்கா ஓடிப் பாக்கவேணும்.”

துறைமுகத்துக்கு மேலே வானம் இன்னும் இருட்டாகவே இருந்தது. காற்று இல்லை. பந்து உயரமாக வந்தது. தலையால் முட்ட எழும்பினேன். திடீரென்று எல்லாச் சத்தமும் நின்றுபோயிற்று.

மீதியை மற்றவர்கள் சொல்லித்தான் அறிந்தேன். எனக்கு மூச்சில்லை. என்னைத் தூக்கப் போனவர்களை, மைதானத்தின் மறுமுனையிலிருந்து ஓடிவந்த கிண்ணியா கோல்காப்பாளர் விலக்கியிருக்கிறார். அவர் பெயர் ரிஸ்வான். ஆஸ்பத்திரியில் ஆண் தாதியாக வேலை செய்கிறவர்.

“தள்ளுங்க! தூக்காதீங்க! அம்புலன்சுக்குப் போன் எடுங்க!”

அம்புலன்ஸ் வரும்வரை என் நெஞ்சை அழுத்திய அவருடைய கைகள் நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் மின்னதிர்ச்சி கொடுத்தபிறகு இதயம் திரும்பியது.

கண் விழித்தபோது அம்மாவும் ரிஸ்வானும் நின்றார்கள். “இண்டைக்கு எனக்கு டியூட்டி. கூட்டாளி ஒருத்தர் மாத்திக் கேட்டதாலதான் விளையாட வந்தனான். அல்லாஹ் காப்பாத்தினான்” என்றார். அம்மா அவருடைய கைகளைப் பிடித்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டார். அப்போதுதான் அழுதார்.

எனக்கு இதயத் தசை தடித்துப்போயிருந்தது. பரம்பரையாக வருவது என்றார் இதய வைத்தியர். அப்பாவின் பக்கத்தில் வேறு யாராவது இப்படிச் செத்தார்களா என்று கேட்டார். செத்தவீட்டுக்குப் பிறகு ஒரு வார்த்தையும் பேசாத அப்பாவின் தங்கைக்கு, அம்மா தன் அரைகுறைச் சிங்களத்தில் போன் எடுத்தார். மறுமுனையில் மாமி குழறி அழுதார். அப்பாவின் தம்பியும் கிணற்றடியில் அப்படித்தான் விழுந்து செத்தாராம். அவர் கட்டியது சொந்தத்தில்.

தண்டனையல்ல, நோய். இத்தனை வருடப் பாரம் அன்றைக்கு அம்மாவின் தோளிலிருந்து இறங்கியது. மாமியின் மகளைப் பரிசோதித்தபோது அவளுக்கும் அதே நோய். நேரத்துக்கே கண்டுபிடித்ததால் இன்று மருந்தோடு நலமாக இருக்கிறாள்.

என் நெஞ்சுத் தோலுக்கடியில் இப்போது, இதயம் தடுமாறினால் அதிர்ச்சி கொடுக்கும் ஒரு சிறு கருவி இருக்கிறது. இனிப் போட்டிகளில் விளையாட ஏலாது. நான் கேட்டதை ஆண்டவர் தரவில்லை, அதற்காக அழுதேன். அம்மா கேட்டதைத் தந்தார். அதனால்தான் இதைச் சொல்ல உயிரோடு இருக்கிறேன். இன்று நானும் ரிஸ்வானும் கழகம் கழகமாகப் போய், விழுந்தவனின் நெஞ்சை எப்படி அழுத்துவது என்று சொல்லிக் கொடுக்கிறோம்.

உங்களுக்குள்ளும் இப்படி ஒரு பயம் இருந்தால் மூடிவைக்காதீர்கள். ஆண்டவரிடமும் சொல்லுங்கள், வைத்தியரிடமும் சொல்லுங்கள். நம்பியிருங்கள். உதவி யார் உருவில் வரும் என்று நமக்குத் தெரியாது. எனக்கு அது எதிரணிச் சட்டையோடு ஓடிவந்தது.