நான் எழுதிய ராதாரிச் சீட்டு

எங்கள் வீட்டில் கூடை, முறம் எதையும் விலை கொடுத்து வாங்கியதாக எனக்கு நினைவில்லை. அப்பா கிராம முன்சீப். அவருக்கு முன்னால் தாத்தாவும் முன்சீப். ஊருக்கு வெளியே ஏரிக்கரையை ஒட்டிக் குறவர் குடிசைகள் இருந்தன. அங்கிருந்து ஒரு பெரியவர், வெளியூர் போக நேரும்போதெல்லாம், புது முறமோ ஈச்சங்கூடையோ எடுத்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வருவார். அப்பா அரைத்தாளில் நாலு வரி எழுதி முத்திரை குத்திக் கொடுப்பார். அதற்கு ராதாரிச் சீட்டு என்று பெயர்.

பெரியவரின் முன்னோர் கழுதைமேல் பொதி ஏற்றி ஊர் ஊராக உப்பு விற்றவர்கள். ரயில் வந்ததும் அந்தப் பிழைப்புப் போயிற்று. பிழைப்பில்லாமல் அலைந்தவர்களைப் பிறவித் திருடர்கள் என்று வெள்ளைக்காரன் சட்டம் எழுதி, கைரேகை எடுத்து வைத்தான். அடுத்த ஊருக்குப் போவதென்றாலும் முன்சீப்பிடம் சீட்டு வாங்க வேண்டும். போன ஊரில் அதைப் போலீஸிடம் காட்ட வேண்டும். வெள்ளைக்காரன் போன கையோடு சட்டமும் ரத்தாகிவிட்டது. இதெல்லாம் நான் பெரியவளாகிப் படித்துத் தெரிந்துகொண்டது. எழுபதுகளின் நடுவில், பத்து வயதில், முன்சீப் மகள் என்ற கர்வத்தைத் தவிர எனக்கு வேறொன்றும் தெரியாது.

கோடை விடுமுறை. அப்பா ஜமாபந்திக்குக் கிராமக் கணக்குகளை எடுத்துக்கொண்டு நாமக்கல் போயிருந்தார். அம்மா தோட்டத்தில் கடலைக்காய் பறிக்கும் ஆட்களோடு இருந்தாள். பெரியவர் வந்து வேப்பமரத்தடியில் நின்றார். கையில் கூடையும் இல்லை, முறமும் இல்லை. அதுதான் முதலில் என் கண்ணில் பட்டது.

"அய்யா இருக்காருங்களா சாமி?"

"நாமக்கல்லு போயிருக்காரு. பொழுதோட வா."

ஊரில் சின்னப் பிள்ளைகள்கூட அவரை நீ, வா, போ என்றுதான் பேசுவோம். அது மரியாதைக் குறைவு என்று யாருக்கும் தோன்றியதில்லை.

அவர் போகவில்லை. காவிரிக் கரையில் ஓர் ஊரில், பெயர் வேண்டாம், கட்டிக்கொடுத்த மகள் காய்ச்சலில் கிடக்கிறாள், பிழைப்பது கஷ்டம் என்று ஓர் ஆள் வந்து சொல்லியிருக்கிறான். மகன் காலை பஸ்ஸிலேயே போய்விட்டானாம். சீட்டெல்லாம் எப்போதோ ஒழிந்துவிட்டது, வா என்று அவரையும் இழுத்துப் பார்த்தானாம். இவர் மசியவில்லை. வாலிபத்தில் ஒருமுறை சீட்டில்லாமல் சந்தைக்குப் போய் மூன்று மாதம் ஜெயிலில் இருந்தவர். அடுத்த பஸ்ஸுக்கு அரை மணிதான் இருந்தது. அதை விட்டால் மறுநாள்தான்.

நான் அப்பாவின் மேஜையைத் திறந்தேன். சீட்டின் வாசகம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். இந்தச் சீட்டைக் கொண்டு வருகிறவர் இன்னார், குறவர் ஜாதி, மகளைப் பார்க்க இன்ன ஊர் போகிறார், மூன்று நாளில் திரும்புவார், நடத்தை திருப்தி. முத்திரையை மையில் ஒற்றி ஓங்கிக் குத்தினேன். நான் சொல்லாமலே பெரியவர் தன் இடது கட்டைவிரலை மையில் உருட்டித் தாளின் அடியில் வைத்தார். சீட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"நல்லா இருப்பீங்க அம்மணி. வாரேனுங்க," என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினார். அந்த வயதில் ஒருவர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை.

சாயங்காலம் அப்பாவிடம், அறை விழும் என்று எதிர்பார்த்துக்கொண்டே, நடந்ததைச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"அந்தச் சட்டம் செத்து எத்தனையோ வருசமாச்சு சாமி."

"பின்ன எதுக்குங்கப்பா எழுதித் தர்றீங்க?"

"வந்து நிக்கறான், எழுதறேன். தாளுதானே."

சோறு போட்டுக்கொண்டிருந்த அம்மா, இந்தத் தடவை முறம் கொண்டுவந்தானா என்று கேட்டாள். அப்பா கெட்டவர் அல்லர். சீட்டே வேண்டியதில்லை என்று சொல்வதைவிட எழுதிக் கொடுப்பது அவருக்குச் சௌகரியமாக இருந்தது, அவ்வளவுதான்.

பத்து நாள் கழித்துப் பெரியவரின் மகன் வந்தான். வாசலில் நின்று, கோபமில்லாத குரலில் அப்பாவிடம் சொன்னான்.

"பஸ்ஸ உட்டு எறங்குனதும் எங்கய்யன் நேரா டேசனுக்குப் போயிட்டாருங்க, சீட்டுக் காட்டோணும்னு. அங்க ஏதோ களவு போயிருந்துச்சாம். ஆளு தானா வந்து சிக்கிட்டான்னு உள்ள உக்கார வெச்சுட்டாங்க. மூணாம் நாளுதான் உட்டாங்க. அதுக்குள்ள தங்கச்சியப் பொதைச்சாச்சுங்க. மூஞ்சி பாக்கல அவரு."

சீட்டில்லாமல் சும்மா போயிருந்தால் அவர் யாரென்று அந்த ஊரில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது என்பது இப்போது புரிகிறது. மகன் மடித்த தாள் ஒன்றை மேஜையில் வைத்தான். "இனிமே எங்கய்யன் வந்து கேட்டா எழுதாதீங்க," என்று சொல்லிவிட்டுப் போனான்.

அப்பாவும் எழுந்து உள்ளே போன பிறகு அந்தத் தாளைப் பிரித்துப் பார்த்தேன். எழுத்துகள் மேலும் கீழுமாக இருந்தன. முத்திரை சாய்ந்து, ஒரு பக்கம் மையே படாமல் இருந்தது. போலீஸ் எதனால் சந்தேகப்பட்டது என்பது எனக்கு உடனே விளங்கிவிட்டது. அழுகை வந்தது. மிச்சமிருந்த விடுமுறை முழுக்க இரட்டைக்கோடு நோட்டில் தினமும் இரண்டு பக்கம் எழுதினேன். அடுத்த தடவை பெரியவர் வரும்போது, எந்தப் போலீஸ்காரனும் குறை சொல்ல முடியாத சீட்டாக எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்று.