பெரியம்மாவின் மூன்று நாள்

பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும் என்று நான் முழுதாக நம்பிய வயது. நான்காம் வகுப்பு. கடத்தூரிலிருந்து தர்மபுரிக்கு லேடி டாக்டரைப் பார்க்கப் போன பெரியம்மா, பஸ் போர்டு படிக்க என்னைத் துணைக்குக் கூட்டிப்போனாள்.

பெரியம்மாவுக்கு நாற்பத்திரண்டு வயது. இடுப்பிலும் முழங்காலிலும் ஓயாத வலி. குடத்தைத் தூக்கினால் கை நடுங்கும். எல்லாம் கேட்டுக்கொண்ட டாக்டர், மாதவிலக்கு எப்போது நின்றது என்றார்.

"ரெண்டு வருசம் ஆச்சுங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் வீட்டில் தூரமான பெண்கள் மூன்று நாள் மாட்டுக்கொட்டாய்க்குப் பக்கத்து அறையில் தனியே இருப்பார்கள், எதையும் தொடமாட்டார்கள். மாதா மாதம் பெரியம்மாவுக்குக் களித்தட்டு கொண்டுபோய் வைப்பதே நான்தான்.

"இல்லீங்க டாக்டர், போன வாரங்கூட உக்காந்தாங்க" என்றேன், முந்திரிக்கொட்டை மாதிரி.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "நின்னதுக்கு அப்புறம் ரத்தம் வருதுன்னா மொதல்ல ஸ்கேன் பாக்கணும்மா. அதுவரைக்கும் ஹார்மோன் மாத்திரை குடுக்க முடியாது."

பெரியம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. "வரலீங்க. சும்மாதான் உக்காந்தேன். வலி தாங்கலீங்க. அந்த மூணு நாளுதான் யாரும் வேலை சொல்ல மாட்டாங்க."

டாக்டர் பேனாவை மறுபடி எடுத்தார். சின்ன வயதிலேயே நின்றுவிட்டதால் எலும்பும் தசையும் சீக்கிரமே பலம் இழக்கின்றன என்றார். இன்னும் பல கேள்விகள் கேட்டு, பரிசோதித்துவிட்டு, மாத்திரை எழுதினார். "உக்காந்தே இருக்காதீங்க, தினம் நடங்க" என்றார். அந்த மூன்று நாளும் எழுந்து நடந்தால் குட்டு உடைந்துவிடாதா?

பஸ் ஏறுமுன் பெரியம்மா கடலைமிட்டாய் வாங்கித் தந்து, "வூட்டுல சொல்லிப்புடாத சாமி" என்றாள். தின்றேன். பயமாகவும் இருந்தது.

அடுத்த மாதமும் பெரியம்மா அந்த அறைக்குப் போனாள். சாமி அவள் கண்ணைக் குத்துமா, தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருக்கும் என் கண்ணையா? பொறுக்கமாட்டாமல், களி உருட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டுவிட்டேன்.

"பெரியம்மா நெசமாவே தூரமாம்மா?"

அம்மாவின் கை சற்று நின்றது. "கேள்வி கேக்காத. கொண்டுபோய்க் குடு" என்று தட்டில் இன்னொரு உருண்டையும் வைத்தாள். பிறகு தன் குடத்தோடு பெரியம்மாவின் குடத்தையும் எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போனாள்.

இவ்வளவு கெட்டிக்காரியான அம்மாவுக்கு ஏன் ஒரு சந்தேகமும் வரவில்லை என்று நான் வெகுநாள் குழம்பிக்கொண்டிருந்தேன்.