குகைக்குள் கூப்பிட்ட பெயர்

என் தொண்டையைப் பற்றி எங்கள் வீட்டில் யாருக்கும் நல்ல அபிப்பிராயம் இருந்ததில்லை. நான் பள்ளியில் தேவாரம் பாடினால் எதிர்க்கடையில் டீ ஆற்றுகிறவருக்குக் கை நடுங்கும் என்று அப்பா சொல்வார். அந்தத் தொண்டையை நம்பி ஒரே ஒருத்திதான் என்னைப் பினாங்கின் கொடிமலைக்குக் கூட்டிப்போனாள். அவள் என் அத்தை, அப்பாவின் தங்கை.

அத்தை தன் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டாள். அந்தக் காலத்தில் பலரும் அப்படித்தான். கிளினிக்கில் தாதி, புருஷன் பெயர் என்ன என்று மலாயில் கேட்டால், அத்தை என் முதுகில் ஒரு குத்து விடுவாள். நான் முன்னால் போய், மருந்து வாங்க நிற்கிறவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படி மாமாவின் பெயரைச் சொல்வேன். ஒரு பெரிய மனிதரை வெறும் பெயரால் கூவிவிட்டு அடி வாங்காமல் திரும்பும் பையன் எங்கள் சுங்கை பினாங்கு வட்டாரத்திலேயே நான் ஒருவன்தான் என்ற கர்வம் எனக்கு. அந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அத்தைக்கு இதை வாசித்துக் காட்ட வேண்டியிருக்கும். அவள் முகத்துக்கு நேரே மறுபடி அதைச் சொல்ல இப்போது எனக்குத் தைரியம் போதாது.

மாமாவும் அவள் பெயரைச் சொன்னதில்லை. வேலை முடிந்து வந்து சைக்கிளை வாசலில் சாய்த்ததும் "ஓய்" என்பார். உள்ளேயிருந்து "வந்துட்டேங்க" என்பாள். நான் கேட்டவரை அவர்களுடைய காதல் வசனம் அவ்வளவுதான்.

மாமாவுக்கு மலை ரயிலில் வேலை. எழுபதுகளின் பிற்பகுதியில் ரயிலை நிறுத்திவைத்து, மேல் பாதையில் ரயில் நுழைந்து போகும் பழைய குகையைச் சீர்படுத்தினார்கள். மாமாவும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். பாசியைச் சுரண்டுவது, தண்ணீர் கசிகிற இடத்தை அடைப்பது, பெயர்ந்த சுவருக்குச் சிமெண்டு பூசுவது. சாயங்காலம் புருவமெல்லாம் நரைத்துப்போய் வருவார். ரயில் ஓடுவதற்கு முன்னால் ஒரு நாள் உன் அத்தையைக் குகைக்குள் நடத்திக் கூட்டிப்போகப் போகிறேன், அப்புறம் யாரையும் நடக்க விடமாட்டார்கள் என்று என்னிடம் சொல்வார். அடுப்படிவரை கேட்கிற மாதிரி என்னிடம் சொல்வார்.

வேலை முடிவதற்குள் அவருக்கு மஞ்சள் காமாலை வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனவர் வீடு திரும்பவில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் டின் டின்னாக பிஸ்கட் வாங்கி வந்தார்கள் என்பதுதான் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பின்னாளில் நான் இன்னும் கொஞ்சம் மேலானவனாக ஆகியிருப்பேன் என்று நம்புகிறேன்.

ரயில் மறுபடி ஓடுவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, வேலையாட்கள் குகை வாசலில் தேங்காய் உடைத்துச் சாமி கும்பிட ஏற்பாடு செய்தார்கள். குடும்பத்தோடு வரலாம், உள்ளே நடந்து பார்க்கலாம் என்று, மாமாவை வேலை வாங்கிய மண்டோர் எங்கள் வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார். அம்மா தயங்கினாள். நல்ல காரியம் நடக்கிற இடத்தில் தாலி இழந்தவள் போய் நின்றால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்களே என்றாள்.

"கும்பிட்டு முடியிறவரைக்கும் கீழயே நிக்கிறேன் அண்ணி. இவன மட்டும் என்கூட அனுப்புங்க லா."

எல்லாரையும் விட்டு என்னைக் கேட்டாளே என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கிளம்பினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மலையேறும் சீனப் பெரியவர்கள், கழுத்தில் துண்டும் கையில் பிளாஸ்குமாக எங்களைத் தாண்டிப் போனார்கள். குகைக்குக் கொஞ்சம் கீழே ஒரு மர நிழலில் அத்தை நின்றுவிட்டாள். மேலே மணி அடித்தது, சூடம் மணத்தது, கடலை பங்கிடும் சத்தமும் கேட்டது. என் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய கொடுமையை நான் அதுவரை சந்தித்ததில்லை.

கூட்டம் இறங்கி வந்தது. இரண்டொரு பெண்கள் அத்தையைப் பார்த்து ஒதுங்கி நடந்தார்கள். மண்டோர் என் கையில் ஒரு பொட்டலம் கடலையைக் கொடுத்து, "போங்கம்மா, உள்ள இப்ப யாரும் இல்ல" என்றார்.

குகை சரிவாக மேலேறியது, தண்டவாளத்தை ஒட்டிப் படிகள். ஈரமும் புதுச் சிமெண்டும் கலந்த வாசனை. அத்தை சுவரைத் தொட்டுக்கொண்டே படியேறினாள். மாமா பூசிய இடம் எது என்று அவளுக்குத் தெரியாது. அதனால் எல்லா இடத்தையும் தொட்டாள். பாதி வழியில் நின்றாள்.

"கூப்பிடுடா."

யாரை என்று கேட்டேன். முதுகில் ஒரு குத்து விழுந்தது. புரிந்துவிட்டது.

வாயில் இருந்த கடலையை விழுங்கிவிட்டு, இருந்த மூச்சையெல்லாம் சேர்த்து மாமாவின் பெயரைக் கூவினேன். அது சுவரில் மோதி, உருண்டு, பல பேர் சேர்ந்து கூப்பிடுவதுபோலத் திரும்பி வந்தது. அத்தை கண்ணை மூடிக்கொண்டாள். எதிரொலி அடங்கி, சொட்டுகிற தண்ணீர் மட்டும் கேட்டபோது, மேல் முனையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஓய்."

"வந்துட்டேங்க" என்றாள் அத்தை.

சொன்னதோடு நிற்கவில்லை. புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று மேலே ஏறினாள். ஒரு செருப்பு படியிலேயே கழன்று கிடந்தது. மேலே வெளிச்சத்தில் ஓர் உருவம் தெரிந்தது. வெள்ளைக் கால்சட்டை, கழுத்தில் துண்டு, கையில் பிளாஸ்கு. யாரோ ஆபத்தில் கூப்பிடுகிறார்கள் என்று குரல் கொடுத்த சீனப் பெரியவர். ஒன்றும் இல்லையே என்று மலாயில் கேட்டார். அத்தை இல்லை என்று தலையசைத்ததும் கையை ஆட்டிவிட்டு நடந்தார்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அத்தையும் சிரித்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அளவுக்கு மீறிச் சிரித்தால் எனக்கும் கண்ணில் தண்ணீர் வரும்.

செருப்பை எடுத்துக் கொடுத்தேன். தொண்டை இன்னும் தெம்பாகத்தான் இருந்தது. "இன்னொரு தடவ கூப்பிடட்டா அத்தே?"

அவள் செருப்பை மெதுவாக மாட்டிக்கொண்டாள்.

"வேணாம்டா. பாவம், வேலையில இருப்பாரு."

"வேலையெல்லாம் இல்ல அத்தே. அந்த அங்கிள் சும்மா எக்சசைஸ் பண்ண வந்திருக்காரு."

ஆமாம்டா, எனக்குத்தான் தெரியவில்லை என்று அத்தை ஒத்துக்கொண்டாள். பெரியவர்களுக்கே விவரம் சொல்லிக் கொடுக்கிறோமே என்ற மிதப்பில், மிச்சக் கடலையை மென்றுகொண்டு அவளுக்கு முன்னால் கீழ் வாசல் வெளிச்சத்தைப் பார்த்து இறங்கி ஓடினேன்.