பத்து நாள் அவகாசம்

தொண்ணூறுகளின் நடுவில், நாட்டைவிட்டு வந்து குடியேறிய அஜின்கோர்ட்டில், ஒரு சிறிய தொழிற்கூடத்தில் எனக்கு வேலை. மின்சுற்றுப் பலகைகளை அளந்து சோதிப்பேன். பக்கத்து மேசையில் என் வயதுடைய ஒரு யூதப் பெண். நான் அனுப்புவதை அவள் இன்னொரு முறை பார்த்துப் பெட்டியில் அடுக்குவாள்.

செப்ரெம்பரில் இரண்டு நாள் அவள் வரவில்லை. தங்களுடைய புதுவருடம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். திரும்பி வந்ததும் ஒவ்வொன்றாகக் கேட்டேன்; எதையும் வரிசையாகத் தெரிந்துகொண்டால்தான் எனக்கு விளங்கும். ஆப்பிளைத் தேனில் தோய்த்துச் சாப்பிடுவது, வருடம் இனிப்பாக இருக்க. ஆட்டுக்கடாவின் கொம்பை ஊதுவது, தூங்குகிற மனத்தை எழுப்ப. ரொட்டி வட்டமாக இருப்பது, வருடம் சுற்றி வருவதால். ஓடும் தண்ணீர் அருகே நின்று போன வருடத்துப் பிழைகளை உதறுவது. பத்தாம் நாள் முழு உபவாசம்.

"இடையில் உள்ள நாட்களில் என்ன செய்வீர்கள்?"

"அதுதான் கஷ்டம். கடவுளுக்குச் செய்த பிழையைக் கடவுள் மன்னிப்பார். மனிதருக்குச் செய்ததை அவர் தொடமாட்டார். அந்த ஆளிடமே போய்க் கேட்க வேண்டும்." சிரித்தாள். "என் அண்ணனிடம் ஒவ்வொரு வருடமும் ஒரே மன்னிப்புத்தான் கேட்கிறேன். அவனுக்கு அது மனப்பாடம்."

பிறகு கதிரையை என் பக்கம் திருப்பினாள்.

"உன்னிடமும் கேட்க வேண்டும். ஓகஸ்ட்டில் பலகைகள் பழுதென்று திரும்பி வந்தபோது, நீ அளவுமானியைச் சரிபார்க்காமலே தாளில் சரி போட்டிருப்பாய் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். அது அநியாயம். மன்னிப்பாயா?"

அவள் அன்று சொன்னது உண்மை. பஸ் பிந்திய அந்தக் காலையில் நான் பார்க்காமல்தான் சரி போட்டேன். தாளில் இருந்த அந்தச் சரி அடையாளம் என்னைக் காப்பாற்றியது. பழி, கடைசியாகப் பார்த்து அனுப்பிய அவளுடைய மேசைக்குப் போனது. மேற்பார்வையாளர் அவளுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். என் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. பேசாமல் இருந்துவிட்டேன்.

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். அவள் வற்புறுத்தவில்லை. "மறுத்தாலும் மூன்று தரம் கேட்பது எங்கள் முறை, தயாராக இரு," என்றாள்.

அப்போது வோபர்ன் பகுதியில் அக்காவோடு இருந்தேன். அன்று மாலை நான் சொன்னதையெல்லாம் அவள் வெங்காயம் வெட்டிக்கொண்டே கேட்டாள்.

"உனக்கென்ன விசரே? மன்னிச்சிட்டன் எண்டு சொல்லிப்போட்டு உன்ர வேலையைப் பார்."

"பிழை என்ரயெல்லோ."

"ஓம், வேலையும் உன்ரதான். நிரந்தரமாக்க இன்னும் மூண்டு கிழமைதானே கிடக்கு?" கத்தியை வைத்தாள். "நாங்களும்தான் வருசப்பிறப்புக்குத் தலையில மருத்துநீர் வைக்கிறம், பெரியாக்களிட்டைக் கைவியளக் காசு வாங்கிறம். ஆரும் வந்து மன்னிப்புக் கேட்டதை நான் காணேல்லை."

எனக்கு அதுதான் பெரிதாகப்பட்டது. அவளுடைய ஆட்கள் கொண்டாட்டத்துக்கு உடனே பின்னால் இப்படி ஒரு வேலையை வைத்து, அதற்குப் பத்து நாள் தவணையும் குறித்திருக்கிறார்கள். தவணை இல்லாதபடியால்தான் ஓகஸ்ட்டிலிருந்து நான் உண்மையைச் சொல்வதை நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை, மேலங்கியைக்கூடக் கழற்றாமல் நடந்ததை அவளிடம் சொன்னேன். அவள் கையிலிருந்த பலகையைப் பெட்டியில் வைத்தாள்.

"அப்படியென்றால் நான் சொன்னது சரி," என்றாள். "ஆனால் தெரியாமல், எல்லோர் முன்னாலும் சொன்னது பிழைதான். அதற்கு மன்னிப்பாயா?"

"மன்னிக்கிறேன். நீயும் என்னை..."

கையை உயர்த்தி நிறுத்தினாள். "இப்போது கேட்காதே. முதலில் அந்தக் கடிதம்."

மேற்பார்வையாளரின் அறைக்குப் போனேன். நடந்ததை அவரிடம் சொன்னேன். அவளுடைய கோப்பிலிருந்து கடிதத்தை எடுத்துக் கிழித்தார். என்னை நிரந்தரமாக்குவதை ஆறு மாதம் தள்ளிவைத்தார். வேலையிலிருந்து நிறுத்தாததற்கு நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

அவள் தன் மேசையில் இல்லை. கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள்.

"இப்போது கேள்," என்றாள்.

கேட்டேன்.