மூன்றாவது பெட்டி நிற்கும் இடம்

டெல்லியில் பூமிக்கு அடியில் இருக்கும் அந்த ரயில் நிலையத்துக்கு நான் ஒரே ஒரு முறைதான் போயிருக்கிறேன். அதற்கு மேலே இருக்கும் குடியிருப்பில்தான் என் தங்கை வாழ்கிறாள். என் மகள் கல்யாணத்துக்கு அவளை அழைக்கப் போனேன்.

அவள் எங்களைக் கேட்காமல் கல்யாணம் செய்துகொண்டவள். எட்டு வருடம் நான் அவளோடு பேசவில்லை. ஆனால் கல்யாணப் பெண்ணுக்கு முதல் நலங்கு வைக்க வேண்டியவள் அத்தை. அவளை நேரில் போய் வெற்றிலை பாக்கு வைத்துத்தான் அழைக்க வேண்டும். கும்மிடிப்பூண்டியில் நான் வேலை செய்த இரும்புக் கம்பெனியில், ஒரு மோட்டாரோடு டெல்லிக்கு ஆள் அனுப்பப் போவதாகச் சொன்னார்கள். எதையும் வாய் திறந்து கேட்காத நான், நானே போகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

புறப்படும் முன், கம்பெனியில் இந்தி தெரிந்த ஒருவரை வைத்து அவள் பக்கத்து வீட்டுக்குப் போன் செய்து அவளைக் கூப்பிடச் சொன்னேன்.

"ஊட்டுக்கு உனுக்கு வழி தெரியாதுண்ணா. நீ வா, நான் ஸ்டேஷன்லயே நிக்கறேன்" என்றாள்.

"பதினோரு மணிக்கு வந்துடறேன்மா."

"வந்துடுவ இல்ல?" என்று இரண்டு முறை கேட்டாள்.

தன் கல்யாணத்துக்கு முன் அவளும் கும்மிடிப்பூண்டியில் ஊறுகாய் கம்பெனியில் வேலை செய்தாள். மாலையில், வீடு இருந்த அத்திப்பட்டுக்கு ரயிலில் சேர்ந்தேதான் திரும்புவோம். யார் முதலில் வந்தாலும், மூன்றாவது பெட்டி நிற்கும் இடத்தில் நிற்க வேண்டும். மற்றவர் வரும்வரை எத்தனை வண்டி போனாலும் ஏறக் கூடாது.

டெல்லியில் கடைசிப் பெட்டிதான் கிடைத்தது. இறங்கியதும் கூட்டம் என்னை மேலே கொண்டுபோனது. எல்லோரையும் போல, டிக்கெட்டாகத் தந்த டோக்கனைத் தடுப்பு கேட்டில் போட்டுவிட்டு வெளியே வந்தேன். டெல்லிக்காரி ஆகிவிட்டவள், வாசலில்தான் நிற்பாள் என்று நினைத்தேன். வாசல்கள் நான்கு இருந்தன. நான்கையும் சுற்றி வந்தேன். பையில், ஈரத்துணியில் சுற்றிய வெற்றிலை இருந்தது. சட்டைப் பையில் அவள் பக்கத்து வீட்டு போன் நம்பரும் இருந்தது. எதிரிலேயே ஒரு போன் கடை. இந்தியில் யாராவது எடுத்தால் என்ன பேசுவது என்று போகவில்லை. காவலுக்கு நின்றவரிடம் கேட்கவும் கூச்சம். ஒரு மணி வரை நின்றேன். அவளுக்கு இன்னும் கோபம் தீரவில்லை, வேண்டுமென்றே வரவில்லை என்று நானே முடிவு செய்துகொண்டு ஊருக்கு ரயில் ஏறிவிட்டேன்.

பத்திரிகையைத் தபாலில் போட்டேன். அவள் கல்யாணத்துக்கு வரவில்லை. நலங்கை என் மனைவியின் அண்ணி வைத்தாள்.

ஆறு மாதம் கழித்துக் கம்பெனிக்குப் போன் வந்தது.

"தபால்ல அனுப்பினா அத்தை வருவாளாண்ணா?" என்றாள் தங்கை.

"நேர்லதாம்மா வந்தேன். நீதான் வரல."



"நான் டோக்கன் வாங்கிக்கினு கீழ வந்து நின்னேன். மூணாவது பொட்டியாண்ட. ஒவ்வொரு வண்டியா பாத்துகினே இருந்தேன். நீ இன்னாத்துக்கு மேல போன?"

கூட்டம் தள்ளிவிட்டது என்றேன். அது பாதிதான் உண்மை. அந்த இடத்தை அவள் மறந்திருப்பாள் என்று நினைத்ததை மட்டும் இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை.